மெர்வின் தோண்டிய குழிகள்

காலையில் பார்த்தால் நீச்சல் குளத்தில் மறுபடியும் தண்ணீர் இறங்கியிருந்தது. மெர்வின் மண்வெட்டியை எடுத்தார்.

பெர்த் நகரில் காலமெல்லாம் பேருந்து ஓட்டி, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர் அவர். கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் நீந்த வருகிறார்கள். பூமிக்கடியில் போகும் குழாய் எங்கேயோ ஒழுகுகிறது. அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

எலுமிச்சை மரத்தடியில்தான் கசிவு என்று அவராகவே முடிவு கட்டி, தரைக்கற்களைப் பெயர்த்துத் தோண்டினார். மண்வெட்டி எதிலோ டக்கென்று இடித்தது. ஏதோ கல் என்று மூடிவிட்டார்.

மறுநாள் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கியது. பதறிப்போய் வேலியோரம் தோண்டினார். அங்கேயும் ஒரு கல். அதையும் மூடினார். அடுத்த நாள் குளத்தின் படிக்கட்டே வெளியே தெரிந்தது.

இனி இவரை விட்டால் வீட்டையே தோண்டிவிடுவார் என்று, மனைவி லொரெய்ன் கசிவு கண்டுபிடிக்கும் டோன்யாவை வரவழைத்தாள்.

டோன்யா குழாயிலிருந்த தண்ணீரை வெளியேற்றி, வாய்களை ரப்பர் அடைப்பான்களால் இறுக்கி, சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்தினாள். நைட்ரஜனில் துளி ஹைட்ரஜன் கலந்தது, தீப்பிடிக்காது என்று அவர் கேட்கும் முன்பே சொன்னாள். ஓட்டை எங்கிருந்தாலும் வாயு மணலுக்குள் நுழைந்து மேலே வந்துவிடுமாம். மோப்பக் கருவியைக் கல் இடுக்குகளில் வைத்து வைத்து, அவசரமே இல்லாமல் நகர்ந்தாள்.

எலுமிச்சை மரத்தடியில் கருவி கீச்சிட்டது.

"அங்க நான் பாத்தாச்சும்மா," என்றார் மெர்வின்.

"நீங்க பாத்தீங்க. இதுவும் ஒரு தடவை பாக்கட்டுமே."

வேலியோரம் இன்னொரு கீச்சு. இரண்டு இடத்திலும் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒரு தட்டின் அகலத்துக்குத்தான் தோண்டினாள். வட்டத்தின் நட்டநடுவில் குழாய், குழாயில் ஓட்டை. மெர்வின் வாய் பிளந்து நின்றார். பாதி முற்றத்தை உழுதும் தன் கண்ணில் படாததை, கண்ணுக்கே தெரியாத காற்றை அனுப்பிப் பிடித்துவிட்டாளே! ஓட்டைகளை அவள் அடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு டோன்யா மெதுவாகச் சொன்னாள்: "மெர்வ், ரெண்டுமே மண்வெட்டி வெட்டு. குழாய்ல வேற கசிவே இல்ல."

அவர் முகம் சிவந்தது. பிறகுதான் உறைத்தது.

"அப்போ, நான் தோண்டறதுக்கு முன்னாடி தண்ணி எப்படிக் குறைஞ்சுது?"

தேநீர் கொண்டுவந்த லொரெய்ன் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"நீ மதியம் கண்ணசர்ற நேரத்துல நான்தான் குளத்து வால்வைத் திறந்து தண்ணிய வெளிய விட்டேன். வேலைய விட்டதுலேர்ந்து நாள் பூரா என் பின்னாடியே சுத்திட்டிருந்தியே, உனக்கும் ஒரு வேலை வேணாமா?"