விஜிதரனின் சாய்வு வேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆட்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஆணி அடிப்பது, கட்டடத்தின் அமைப்பை மாற்றும் பாரதூரமான செயல். அதற்கு எழுத்து மூல அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற மனிதரை இதுவரை யாரும் கண்டதில்லை.

இந்த நிலையில்தான் விஜிதரன் கல்யாணம் செய்துகொண்டான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. உள்ளே அவன் அப்பா மாயாண்டியோடு சேர்த்து ஏழு பேர். புதுப்பெண் சுலக்ஷனா எட்டாவது. பெண்டாட்டியிடம் தனியாக ஒரு வார்த்தை பேச, பலகைத் தடுப்பு ஒன்று கட்டலாமா என்று மனுக் கொடுத்தான். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அடுத்த வருடமும் அதே பதில், புதுத் தேதியுடன்.

அப்போதுதான் சுலக்ஷனா போனில் அதைப் பார்த்தாள். சீமையில் வீடு வாசல் உள்ளவர்களே அதையெல்லாம் விட்டுவிட்டு, வேனுக்குள் கட்டில் போட்டுக் குடியிருக்கிறார்களாம். அதுதான் இப்போதைய நாகரிகமாம்.

"வேன் கட்டடம் இல்லியேங்க. அதுல ஆணி அடிச்சா யாரு கேக்கப்போறா?"

மஸ்கெலியாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் மஃறூப் நானா, கடைக்குப் பின்னால் எஞ்சின் இல்லாமல் கிடந்த வேனைப் பிந்திய கல்யாணப் பரிசாகவே கொடுத்துவிட்டார். லொறியில் கட்டி இழுத்து வந்து, லயத்துக்கு முன்னால் சரிவில் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம்.

விஜிதரனுக்குத் தச்சு வேலை தெரியாது. அதனால் என்ன, போனில்தான் எல்லாம் சொல்லித் தருகிறார்களே! பழைய தேயிலைப் பெட்டிப் பலகை, ஒரு வாள், ஒரு சுத்தியல். முதல் மாதம் ஆணியை விட விரலைத்தான் அதிகம் அடித்தான். "இன்னிக்கு எத்தன ஆணி வளைஞ்சிச்சு தம்பி?" என்று கேட்டுக்கொண்டே நானா அடுத்த பொட்டலத்தைக் கட்டுவார்.

பெரிய சங்கடம் வேறு. அவன் பதினைந்து வருடக் கவ்வாத்துக்காரன். தேயிலைக் கிளையைச் சாய்வாகத்தான் வெட்டவேண்டும். நேராக வெட்டினால் தண்ணீர் தங்கி அழுகிப்போகும், கங்காணியிடம் ஏச்சும் கிடைக்கும். அந்தக் கை வாளைப் பிடித்ததும் பலகையும் சாய்வாகவே அறுந்தது. ஒரு பக்கக் கால்கள் குட்டை, மறுபக்கம் நெட்டை. கட்டில் முழுக்கச் சாய்வு.

அதைத் தூக்கி வேனுக்குள் வைத்தோம். அதிசயம்! வேன் நின்ற சரிவும் கட்டிலின் சாய்வும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. கட்டில் அத்தனை சமம். சுலக்ஷனா அதில் குதித்துக் குதித்துச் சிரித்தாள். எங்களுக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் தோட்டத்து நலன்புரி ஐயா ரசமட்டத்துடன் வந்தார். வேனுக்குள் ஏறி, கட்டிலில் அதை வைத்துப் பார்த்தார்.

"மட்டமா இருக்கு. மட்டமா கட்டில் இருந்தா அது வீடு. வீட்டுக்கு அனுமதி எங்க?"

"சக்கரம் இருக்குங்களே ஐயா. இது வண்டிங்க."

"வண்டின்னா ஓடணும். ஓட்டிக் காட்டு."

"எஞ்சின் இல்லீங்களே!"

"அது ஒன் பிரச்சின. ஓடாட்டி வீடு. வீடுன்னா ஒடைப்போம்."

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. லயமே திரண்டு கல்லை எடுத்துத் தள்ளினோம். ஓடியது. என்ன ஓட்டம்! ஐயாவும் ரசமட்டமும் உள்ளேயே இருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் தாண்டி, தேயிலை ஸ்டோர் தாண்டி, தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாப் புல்வெளியில் போய்த்தான் நின்றது.

"வண்டிதான்" என்று எழுதி, ஐயா கையெழுத்தும் வைத்தார்.

பங்களா விருந்தாளிகளான வெள்ளைக்காரர்கள் ஓடி வந்தார்கள். சமதரையில் கட்டில் இப்போது பழையபடி சாய்ந்திருந்தது. ஒருவர் படுத்தார், உருண்டு விழுந்தார், எழுந்து மறுபடி படுத்தார். மலையையே உணர்வதாகச் சொன்னார். துரை அன்றே பெயர்ப்பலகை வைத்தார்: 'பாரம்பரியச் சாய்வுக் குடில்'. புல்வெளியில் தரித்த வாகனம் நிர்வாகத்தின் பொறுப்பில் அன்புடன் ஏற்கப்படுவதாகக் கடிதம் வந்தது. இன்னும் ஐந்து கட்டில் செய்ய விஜிதரனுக்கு உத்தரவு. பாவம், அதற்குள் அவன் கை நேராகிவிட்டது. செய்து கொடுத்த நேரான கட்டில்களைப் பாரம்பரியம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆனாலும் நிர்வாகம் நன்றி மறக்கவில்லை. வேனோடு அவன் நிற்கும் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது. அதை லயத்து அறைச் சுவரில் மாட்டுவதற்காக, தோட்ட வரலாற்றிலேயே முதன்முறையாக, ஆணி ஒன்று அடிக்க எழுத்து மூல அனுமதியும் கொடுத்தது. லயமே கைதட்டியது. தள்ளிவிட்டவர்கள் என்ற முறையில் எங்களுக்கும் ஆளுக்கொரு படம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம்.

சுலக்ஷனா படத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஆணியில் சேலையின் ஒரு முனையைக் கட்டினாள். தடுப்புக்குத் தடுப்பு ஆயிற்று. மறுமுனைக்கு இன்னோர் ஆணி வேண்டும். மனு பரிசீலனையில் இருக்கிறது.

அதுவரை மறுமுனையை மாமனார் மாயாண்டி பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.