நாள்பட்டது பதிவறைக்கே

அலுவலகத்தில் மூச்சு விடுவதற்கென்று தனி விதி எதுவும் இல்லை. இந்தப் பெருங்குறை, பதிவறைக்காரர் இருமத் தொடங்கிய பிறகுதான் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது.

பத்தொன்பது வருடங்களாகத் தரைத்தளத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், பழைய கோப்புகளைத் தூசி தட்டி அடுக்குவதே அவர் வேலை. மூன்று வருடமாக இருமல். காலையில் சளி. படி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். வயதாகிவிட்டது என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். மைத்துனர் கஷாயம் சொன்னார். மனைவிதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சை நிறைய இழுத்து வேகமாக ஊதச் சொன்னார். மருந்தை உறிஞ்ச வைத்து, கால் மணி கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார்.

"முதல் நொடியில பாதிக் காத்துகூட வெளியே வரல. மருந்துக்கு அப்புறமும் அப்படியேதான் இருக்கு. இது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அந்தத் தூசியை விட்டு வெளியே வாங்க. இல்லேன்னா இருக்கிற மூச்சும் குறைஞ்சுக்கிட்டே போகும்."

பதிவறைக்காரர் அதையே சான்றிதழாக எழுதி வாங்கிக்கொண்டார். அன்றே இடமாற்றம் கேட்டு எழுதினார். கண்காணிப்பாளர் சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"ஊதினீங்களா?"

"ஊதினேன் சார்."

"அப்போ மூச்சு இருக்கு. இல்லாததை எப்படி ஊத முடியும்?"

விஷயம் நான்காம் மாடியில் இருந்த குழுவுக்குப் போனது. லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். விசாரணைக்கு அழைக்கப்பட்ட பதிவறைக்காரர் படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து, மேலே போய்ச் சேர்ந்தார். "விண்ணப்பதாரர் படியேறியே வந்துள்ளபடியால், படியேற வல்லவர் எனக் காணப்படுகிறது" என்று குழு குறித்துக்கொண்டது.

அடுத்த சிக்கல் 'நாள்பட்ட' என்ற சொல். அலுவலகக் கையேட்டின்படி பத்து வருடம் தாண்டியதுதான் நாள்பட்டது. இருமலுக்கோ மூன்று வயதுதான். ஆனால் டாக்டர் கையெழுத்தை மறுக்கக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாள்பட்டது என்று சான்று பெற்றது நாள்பட்டதே. நாள்பட்டவை யாவும் உரிய நடவடிக்கைக்காகப் பதிவறைக்கு அனுப்பப்பட வேண்டியவை.

அப்படியாக, அவருடைய விண்ணப்பம் அவருடைய மேஜைக்கே வந்து சேர்ந்தது. முடிவெடுக்க வேண்டியவரும் அவரேதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்குப் போன் செய்தார்.

"உங்க கைக்கே வந்துடுச்சா? கையெழுத்தைப் போட்டுட்டு மேலே வாங்க. நான் வாசல்ல வந்து நிக்கிறேன்."

பேனாவைத் திறந்தார். திறந்தவர், பத்தொன்பது வருடப் பழக்கத்தில், காகிதங்களை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். முகம் மாறியது. அப்புறம் எதையோ எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தி, கோப்பைத் திரும்பிப் போகிற அடுக்கில் வைத்தார். ரொம்ப நேரம் இருமினார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் போனில் மனைவி.

"இணைப்பு ரெண்டு பிரதி வேணும். ஒண்ணுதான் வெச்சிருக்கான்," என்றார் அவர் எரிச்சலோடு. "விதி தெரியாம விண்ணப்பம் போடுறவனுக்கெல்லாம் நான் என்ன பண்ண முடியும்?"