மாமாவின் முழங்கையும் என் ஆராய்ச்சியும்

நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன். பொறாமையால் அல்ல, பகையால் அல்ல, அறிவியல் ஆர்வத்தால். பகையால் நிறுத்தியிருந்தால் இந்நேரம் மன்னித்திருப்பார்கள்.

எம்.எஸ்ஸி. முடித்த கையோடு காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை கிடைத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகி உடம்பையே படுத்தும் நோய்கள் உண்டல்லவா? சொரியாசிஸ், ஆஸ்துமா, சிலவகை மூட்டுவலி. அவை ஏன் சில குடும்பங்களில் அதிகம் வருகின்றன என்று மரபணுவில் தேடுகிற ஆராய்ச்சி. என் வேலை சுலபம். ஒரு குப்பியில் எச்சில் வாங்கவேண்டும். "உங்களுக்கு இது இருக்கா, அது இருக்கா?" என்று கேட்டு டேப்லெட்டில் ஆம், இல்லை அழுத்தவேண்டும். (கழுத்தில் அடையாள அட்டை. குளிக்கும்போது மட்டும் கழற்றினேன்.)

முதல் மாதம் புதுவயலில் தெருத் தெருவாக அலைந்தேன். எல்லாரும் "இல்லை". மில் வாசலில் ஒருவர் இருமி முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. முடித்துவிட்டு, "மூச்சிரைப்பா? எனக்கா? நல்லாருக்கே கதை!" என்றார். ஆராய்ச்சியை நடத்தும் எங்கள் மேடம் சென்னையிலிருந்து போன் செய்தார். "என்ன சார், உங்க ஊர்ல யாருக்கும் ஒண்ணுமே வராதா?"

அவமானமாகிவிட்டது. அப்போதுதான் என் தாய்மாமா ஞாபகத்துக்கு வந்தார். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரி. முழங்கையில் சொரியாசிஸ். டாக்டர் சீட்டை எடுத்துப்போய்க் களிம்பு வாங்கி வருபவனே நான்தான். கேட்டதும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு எச்சிலும் கொடுத்தார். கேள்விகள்தான் பாக்கி. உறுதியான ஓர் "ஆம்"!

அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்லெட்டோடு போனேன். மாமா மகள் கனகாவைப் பெண் பார்க்கக் கண்டரமாணிக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. (முறைப்பையனிடம் சொல்வானேன் என்று விட்டிருப்பார்கள்.) வேறு எவனாக இருந்தாலும் கேசரியைத் தின்றுவிட்டுக் கிளம்பியிருப்பான். மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார், என் அட்டையைப் பார்த்து, "தம்பி என்ன வேலை பாக்குறீக?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. பத்து நிமிடம் விளக்கினேன். "நல்ல காரியந்தான். எங்ககிட்டயும் கேக்கலாமே" என்றார் பாவம். அவரிடம் கேட்டேன். எல்லாம் இல்லை. அதே வேகத்தில் மாமா பக்கம் திரும்பினேன்.

"மாமா, சொரியாசிஸ்?"

"இல்லப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் இல்லைங்கிறேன்ல."

அத்தை கதவோரம் நின்று என்னைக் கண்ணாலேயே எரித்தாள். நான் அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"முழங்கையில இருக்கே மாமா? களிம்பு நாந்தான வாங்கியாரேன்!"

"அது வேர்க்குரு" என்றாள் அத்தை.

"வேர்க்குருவுக்கு நாலு வருசமா மருந்து போடுவாகளா அத்தை?"

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக, "தம்பி, இது பிள்ளைகளுக்கும் வருமோ?" என்றார்.

அப்போதாவது எனக்கு இருமல் வந்திருக்கலாம். வரவில்லை. "தொத்து வியாதியெல்லாம் இல்லம்மா. கட்டாயம் வரும்னும் இல்ல. பெத்தவுகளுக்கு இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அம்புட்டுத்தான்."

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மாமா திட்டவில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் செருப்பு மாட்டும்போது கனகா வந்தாள்.

"எங்கப்பாவுக்கு என்னன்னு தெருவுக்கே தெரியும் அத்தான். யாரும் சொல்லல. நீங்க ஒராளுதான் சொன்னீக."

"உண்மையைத்தான கனகா சொன்னேன்?"

"யாரு கேட்டா?"

இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன்.

மறுநாள் நடந்ததைச் சொன்னதும் மேடம் போனில் கத்தினார். "நாலு பேர் முன்னால கேட்டதே முதல் தப்பு. அவங்க தன் வாயால தன்னைப் பத்திச் சொல்றதுதான் நமக்குத் தகவல். நீங்க சொல்றது இல்ல. அவர் என்ன சொன்னார்?"

"இல்லைன்னார் மேடம்."

"அப்ப இல்லைன்னு போடுங்க."

என் விரலாலேயே அழுத்தினேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கலைத்த உண்மை, எந்த ஆராய்ச்சிக்காகக் கலைத்தேனோ அந்த ஆராய்ச்சியிலேயே ஏறவில்லை.

முறைப்பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளத்தான் கலைத்தேன் என்று சொந்தத்தில் முடிவு செய்தார்கள். பிறகு என் முறை வந்தது. நேமத்தான்பட்டியில் எனக்குப் பெண் கேட்டபோது, "பையனோட தாய்மாமனுக்கே இருக்காமே? இவுகளுக்கு வராதுன்னு என்ன நிச்சயம்?" என்று சொல்லி அனுப்பினார்கள். மாமாவின் ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது என்பது மரபணு படித்தவனுக்கு அன்றுதான் உறைத்தது.

கனகாவுக்கு இரண்டு வருடம் கழித்துத் திருப்பூரில் கல்யாணம் ஆனது. பந்தியில் யாரோ தும்மினார். பக்கத்தில் இருந்தவர் என்னைக் காட்டி, "மெதுவா! அந்தா உக்காந்திருக்காக, எழுதிக்கிருவாக" என்றார். பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் என் முன்னால் யாரும் தும்முவதில்லை. தும்மிவிட்டால், "தும்மல் இல்லப்பா, சும்மா சிரிச்சேன்" என்பார்கள். நானும் சிரிப்பேன். மாமாவும் சிரிப்பார்.

சின்ன வயதிலிருந்து என்னை "மாப்ளே" என்று கூப்பிட்ட மனிதர் அவர். இப்போது, "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" என்கிறார். மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை.