முன்னாள் அமைச்சருக்கு மூன்று நிமிடம்

'முன்னாள்' என்றொரு மனித இனம் உண்டு, வாசகரே. இவர்களின் விசிட்டிங் கார்டில் எல்லாமே இறந்த காலத்தில் இருக்கும். லண்டன் குளிர் இந்த இனத்துக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது.

கிங்ஸ்பரியில் வசிக்கும் ஸர்கூன் கான் இவர்களில் முதல்தரம். பாகிஸ்தானில் பெஷாவர்ப் பக்கத்துப் பஷ்தூன், வயது எண்பத்திரண்டு. நாலு கட்சிகளில் இருந்து, ஐந்து அரசாங்கங்களில் பதவி வகித்து, அவற்றில் இரண்டு கவிழ்வதற்கு முதல்நாளே மறுபக்கம் போய்ச் சேர்ந்து, இடையில் பதினெட்டு மாதம் சிறையிருந்து, வெளியே வந்த கையோடு தூதுவராகி, மூன்று நாடுகளில் கொடி கட்டிய காரில் போனவர். இப்போது 183 பஸ்ஸில் போகிறார். பஸ் சாரதிக்கும் இந்த வரலாறு தெரியும். யார்தான் தப்பினார்கள்?

புதன்கிழமைகளில் அவர் சாப்பிடும் முதியோர் நிலையத்தை மூடப்போவதாகக் கவுன்சில் அறிவித்தது. கவுன்சில் கூட்டத்தில் ஆட்சேபிக்க ஒரே ஒருவருக்கு மூன்று நிமிடம். நிலையத்தை நடத்தும் சந்திரவதனா, கான்தான் பேசவேண்டும் என்றார்.

"அந்தாளோ? மூண்டு நிமிசத்தில அவர் பிறந்த ஊரைத் தாண்டமாட்டார், தங்கச்சி," என்றார் கூடச் சாப்பிடும் யோகராஜா.

"அப்ப நீங்கள் எழும்பிக் கதைப்பியளோ, அண்ணை?"

யோகராஜா சோற்றைப் பார்த்துக்கொண்டார்.

கானுக்கோ மார்பு விரிந்தது. பழைய கோட்டுக்கு இஸ்திரி போட்டார். கூட்டத்தில் எழுந்து, "எழுபதுகளின் தொடக்கத்தில் நான் முதன்முதலாகச் சட்டசபைக்குள் நுழைந்தபோது..." என்று கணீரென்று தொடங்கினார். இரண்டாவது கட்சியில் சேரும்போது மணி அடித்தது. முதியோர் நிலையம் வாயில் வரவே இல்லை.

"முடிஞ்சுது," என்றார் யோகராஜா.

கான் திரும்பிப் பார்த்தார். மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு நிலையத்து முதியவர்கள் இருபது பேர் அவரையே பார்த்திருந்தார்கள். ஐம்பது வருடப் பொதுவாழ்வில் முதல்தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

தேநீர் இடைவேளை வந்தது. மனுசன் பேச்சில் தோற்கலாம், தாழ்வாரத்தில் தோற்றதில்லை. கவுன்சிலின் ஆளும் கட்சிக்காரர் ஒருவரின் தோளில் கைபோட்டு, "எதிர்க்கட்சி இந்தக் கிழடுகளைக் காப்பாற்றிப் பெயர் வாங்கப்போகிறதாமே," என்றார். இரண்டு பிஸ்கட் தள்ளி எதிர்க்கட்சி அம்மையார் நின்றார். அவரிடமும் அதே வசனம். கட்சி மட்டும் மாறியிருந்தது. கட்சி மாறுவது அவருக்குப் புதிதா?

இடைவேளை முடிந்ததும் இரு தரப்பும் முந்திக்கொண்டு எழுந்தன. நிலையம் தப்பியது.

அடுத்த புதன் சந்திரவதனா, "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார். ஆயத்தமானார் கான். "அதற்கு முதலில் எழுபத்துநாலாம் ஆண்டு என்ன நடந்தது என்றால்..." கறி ஆறியது. ஒருவரும் எழும்பவில்லை. யோகராஜாகூட.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன கிழமை யாரோ உங்களிடம் சுகம் விசாரித்தார்களே, உங்கள் பதில் எந்த வருடத்தில் தொடங்கியது?