நூற்றுக்கு இருபது நொண்டி

விடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். சர்க்காரே ஆனாலும் விடக்கூடாது!

பர்மா சண்டையில் என் வலது முட்டி போயிற்று. பட்டாளத்து டாக்டர்கள் பார்த்துவிட்டு, ‘ஊனம் நூற்றுக்கு இருபது’ என்று எழுதிவிட்டார்கள். பென்ஷனும் அந்த அளவுக்குத்தான். ஐந்து வருஷம் பொறுத்தேன். குழித்துறைச் சந்தையில் நான் நொண்டுவதைப் பார்த்தால் மீன்காரிகூட ஐம்பது போடுவாள். ஐம்பத்தொன்றாம் வருஷம் அப்பீலுக்குக் கிளம்பினேன்.

எனக்கு இங்கிலீஷ் வராது. என் மனைவி நேசபாய் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். கல்யாணமான நாள்முதல் என் வீரக்கதையைக் கேட்டுவருகிறவள். பேனாவோடு உட்கார்ந்தாள்.

“எழுதுட்டி! எதுக்க நாலு ஜப்பான்காரன். இந்தப் பக்கம் நான் ஒருத்தன்.”

“போன மாசம் மூணு பேருன்னுல்லா சொன்னிய?”

“ஒருத்தன் புதருக்குப் பின்னால நின்னான். எழுது. என் துப்பாக்கியில சனியன்...”

“அதையும் பிடிச்சிட்டுதா?”

“சனியன்னா முனையில மாட்டுத கத்திட்டி!”

அவள் பேனா ஓட ஆரம்பித்தது. நான் பாய்ந்தேன், குத்தினேன், உருண்டேன். அவள் இரண்டு பக்கம் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் மாதம் திருவனந்தபுரத்துக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பெரிய டாக்டர் தமிழ்க்காரர். மனுவைப் படித்தார். அவர் உதடு துடித்தது. என் வீரத்தில் உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

“ஜேசுதாஸ், ரேஷன் லாரியிலிருந்து நீர் விழுந்தப்போ, முட்டி மேல எத்தனை பூசணிக்காய் விழுந்தது?”

எனக்கு வேர்த்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதைத்தான் பெரிதாகச் சொல்லுவார்கள். நான் மறைத்திருந்தது ஒரு லாரி!

“ப... பன்னிரண்டு, சார்.”

“பட்டாள ரிக்கார்டிலும் இதேதான் இருக்கு. நிறையப் பேர் கதை அளப்பாங்க. நீர் உண்மையை எழுதியிருக்கீர். ஜெபத்துக்கு முழங்கால் போட முடியல, சம்மணம் போட்டுச் சாப்பிட முடியல... எங்கே, குந்தும் பார்ப்போம்!”

பாதி குந்தினேன். மீதிக்கு இரண்டு பேர் வந்து தூக்கினார்கள்.

நூற்றுக்கு நாற்பது!

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்கு நொண்டியே ஓடினேன்.

“நாப்பதுட்டி! நாப்பது!”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!” என்றாள். சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அது இருக்கட்டும். என் நாலு ஜப்பான்காரனை என்ன செய்தே? பூசணிக்கா சங்கதியை எவன் உனக்குச் சொன்னான்?”

நேசபாய் நிமிரவே இல்லை.

“பொண்ணு கேட்டு வந்தப்போ உங்க டிஸ்சார்ஜ் காயிதத்தை எங்கப்பாகிட்டக் குடுத்திய. அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுல்லா? என்னைத்தான் வாசிக்கச் சொன்னாவ.”