ஊரிலேயே கெட்ட தண்ணீர்

பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் என்பது மக்கள் நலனைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் இடம். எங்கள் கட்டடத்தின் வாசலில் பெரிய எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வாசலில் எழுதியிருப்பதால் உள்ளே இருக்கும் எங்கள் கண்ணில் அது படுவதில்லை.

நான் அங்கே இரண்டாம் நிலை விஞ்ஞானி. எனக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர்கள், கீழே பாட்டில் கழுவுகிறவர்கள். மேலே இருப்பவர்கள் "ஏன் இவ்வளவு நேரம்?" என்பார்கள், கீழே இருப்பவர்கள் "ஏன் இவ்வளவு அவசரம்?" என்பார்கள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று முதலில் சொன்ன புண்ணியவான் எங்கள் ஆபீஸில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும்.

வேலை என்னவோ எளிதுதான். ஊரின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் முறை வைத்துக் குழாய்த் தண்ணீர் பாட்டிலில் வரும். அதில் கிருமிக்குப் பிடித்த தீனியைக் கலந்து இன்குபேட்டரில் வைப்போம். இன்குபேட்டர் என்றால் பயப்பட வேண்டாம். மனுஷ உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு இரும்பு அலமாரி, அவ்வளவுதான். மறுநாள் பாட்டில் கலங்கி மஞ்சளாகியிருந்தால் கிருமி இருக்கிறது, தெளிவாக இருந்தால் இல்லை. இருக்கிறது என்று எங்களிடமிருந்து முடிவு போனால்தான் குடிநீர்த் துறை வந்து ரோட்டைத் தோண்டிக் குழாயை மாற்றும். மற்றபடி ஜனங்கள் அவர்கள் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவர்களுக்குக் காது கேட்காது.

இதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒரு பாட்டிலில் நாங்களே கிருமியைப் போட்டு வைப்போம். அது மறுநாள் மஞ்சளாகியே தீரவேண்டும். ஆகாவிட்டால் கோளாறு எங்கள் அலமாரியில், மற்ற பாட்டில்கள் தெளிவாக இருப்பதற்கு அர்த்தமே கிடையாது. காலிங்பெல் வேலை செய்கிறதா என்று நாமே ஒருதரம் அழுத்திப் பார்ப்போமே, அந்த மாதிரி. எங்களுக்குள் அதன் பெயர் கெட்ட பாட்டில். அதைவிட யோக்கியமான ஆசாமி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

இந்த நிலையில்தான் புது டைரக்டர் வந்தார். பூங்காத் துறையிலிருந்து பதவி உயர்வில் வந்தவர். வந்த வாரமே வாசலில் ஒரு டிவித் திரை மாட்டினார். இப்போது எல்லா ஆபீஸிலும் அதுதானே பேஷன். ஒரு பாட்டிலுக்கு ஒரு கட்டம். நல்ல தண்ணீர் என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. ஜனங்கள் தங்கள் செல்போனிலேயே தங்கள் தெரு என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கடைசிக் கட்டம் ஏன் தினமும் சிவப்பா இருக்கு?"

"அது கெட்ட பாட்டில் சார். சிவப்பாத்தான் இருக்கணும்."

"எந்தத் தெரு?"

"தெரு இல்ல சார். நம்ம லேப்தான். நாமளே அதுல கிருமிய போடறோம்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது வெளில யாருக்காவது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார். உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க."

"உலகம் பூரா சுகாதாரத் துறையே தண்ணில கிருமிய போடுதா! சரி, எத்தனை வருஷமா இது சிவப்பா வருது?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து சார்."

"அத்தனை வருஷமா ஒரே பாட்டில் தினமும் ஃபெயில் ஆகுது. நீங்க எடுத்த நடவடிக்கை என்ன?"

நடவடிக்கை ஒன்றும் எடுக்கவில்லை என்பது உண்மைதானே.

மறுநாளே உத்தரவு வந்தது. 'மேற்படி பாட்டில் நீண்ட காலமாக எவ்வித முன்னேற்றமும் காட்டாததாலும், பலமுறை வாய்ப்பளித்தும் திருந்தாததாலும், நிர்வாக நலன் கருதி உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறது.' படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்ததற்கு அப்புறம் அனுபவித்தேன்.

சிவப்பு ஒழிந்த சந்தோஷத்தில் டைரக்டர் திரையைப் பெரிதாக்கினார். வாசல் சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு திரை வந்தது. அது வந்த நாளிலிருந்து ஊரே பச்சையாகிவிட்டது. சாக்கடை ஓரத்துத் தெருக்கள், தொழிற்சாலைக்குப் பின்பக்கம், எல்லாமே பச்சை. பூங்காத் துறையில்கூட அவர் அவ்வளவு பச்சையைப் பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் தெருவும் பச்சை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் தெருக் குழாய் சாக்கடையின் தோளில் கைபோட்டுக்கொண்டு போகிற குழாய். ஆபீஸ் ஆட்கள் பாதிப் பேர் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறோம். என் மகள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போனால் மறுவாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பாள். எங்கள் தெரு பாட்டில் வரும் முறை எப்போது, சிவப்பு எப்போது விழும், எப்போது ரோட்டைத் தோண்டுவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். முறை வந்தது, பச்சை விழுந்தது.

என் வீட்டுக்காரர் செல்போனைக் காட்டினார். "நம்ம தெரு சூப்பர்னு உன் ஆபீஸே சொல்லுது. இனிமே எதுக்குக் கொதிக்க வெச்சு கேஸ வீணாக்கணும்?"

"இல்லங்க, கொதிக்க வைங்க."

"அப்போ உன் ஆபீஸ் பொய் சொல்லுதுங்கறியா?"

ஆமாம் என்றால் மானம் போகும், இல்லை என்றால் குழந்தை போகும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் ஆபீஸ் கிளம்பினேன். வீட்டுக்காரர் கொதிக்க வைப்பதை நிறுத்தினார், அந்த வாரமே குழந்தைக்கு வாந்தியும் பேதியுமாகி, கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்தச் சின்னக் கையைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையை உடைத்துவிடலாம் போல இருந்தது. அரசாங்கச் சொத்து என்பதால் உடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே லேபுக்குப் போய் இன்குபேட்டரைத் திறந்தேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. பாட்டில்களுக்கு நடுவே ஹெட் கிளார்க்கின் கண் மருந்து இருந்தது.

"குளுமையான இடத்துல வைக்கச் சொல்லி டாக்டர் சொன்னார் மேடம்," என்றார் ஹெட் கிளார்க். "ஆபீஸ்லயே இதுதான் குளுமையான இடம்."

பிளக்கைத் தேடினேன். இன்குபேட்டர் பிளக் தரையில் கிடந்தது. அதன் துளையில் வேறொரு ஒயர் சொருகியிருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன், ஜன்னல் வழியாக வெளியேறி வாசல் திரையில் போய் முடிந்தது. சிவப்பே இல்லை என்று சொல்வதற்காக, சிவப்பைக் கண்டுபிடிக்கிற பெட்டியிலிருந்தே கரண்ட் எடுத்திருக்கிறார்கள். கெட்ட பாட்டில் இருந்திருந்தால் முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும். அதைத்தான் வீட்டுக்கு அனுப்பியாயிற்றே!

நான் யாரையும் கேட்கவில்லை. இன்குபேட்டரைச் சொருகினேன், திரைக்கு என் மேஜை விளக்கு சொருகியிருந்த துளையைக் கொடுத்தேன், கெட்ட பாட்டிலையும் பழைய இடத்தில் வைத்தேன். மறுநாள் காலை திரையில் முக்கால்வாசி சிவப்பு. வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"ஒரு மாசமா நிம்மதியா இருந்தோம், இப்போ வந்து சிவப்புங்கறீங்களே!" என்று ஒருத்தர் என்னைத்தான் திட்டினார். தண்ணீரை யாரும் திட்டவில்லை.

டைரக்டர் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். "அந்தப் பழைய பாட்டில திரும்ப வெச்சீங்களா?"

"வெச்சேன் சார். பெட்டியே ஓடாம..."

"அதானே பார்த்தேன்! அது இல்லாத வரைக்கும் ஊரே நல்லா இருந்துச்சு. அது உள்ள வந்துச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு. ஒரு செடில பூச்சி விழுந்தா தோட்டமே போயிடும் மேடம்."

"சார், ஒவ்வொரு பாட்டிலுக்கும் மூடி இருக்கு."

"மூடி போட்டா சகவாச தோஷம் போயிடுமா?"

'தூய்மையாக விளங்கிய ஊரை ஒரே நாளில் அசுத்தப்படுத்தியது ஏன்' என்று என்னிடம் விளக்கம் கோரப்பட்டது. அன்றைய முடிவுகள் ரத்து செய்யப்பட்டன. அதனால் குடிநீர்த் துறைக்கு ஒன்றும் போகவில்லை. எல்லாம் பழையபடியே இருக்கவேண்டும் என்ற உத்தரவில் கெட்ட பாட்டில் மறுபடி வெளியே போனது, பிளக் மறுபடி திரைக்கே போனது, ஊர் மறுபடி பச்சையானது. குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வந்து, வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். டைரக்டருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் செய்தார்.

"மேடம், எங்க வீட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ணணும்."

"பச்சைதான் சார். காலைலகூட திரையில பார்த்தேன்."

"அந்த டெஸ்ட் இல்ல மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிஜ டெஸ்ட்."

"நிஜ டெஸ்ட்டுக்குக் கெட்ட பாட்டில் வேணும் சார். அதைத்தான் டிஸ்மிஸ் பண்ணிட்டீங்களே."

"திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கோங்க. முன்தேதி போட்டே சேர்த்துக்கோங்க."

வருஷக்கணக்கில் நான் எழுதிக் கேட்டுக் கிடைக்காத புது இன்குபேட்டர் அன்று சாயங்காலமே வந்து இறங்கியது. சின்னது, ஆனால் அதற்கென்று தனி பிளக். கூடவே ஒரு உத்தரவு. 'இயக்குநர் இல்லத்துத் தண்ணீர் மட்டும் இப்பெட்டியில், மேற்படி பாட்டிலின் மேற்பார்வையில் சோதிக்கப்படும். பொதுமக்களின் தண்ணீர் வழக்கம்போல் சோதிக்கப்படும்.' சின்னப் பெட்டியின் முடிவுகள் திரைக்குப் போகாது. அவர் வீட்டுச் சிவப்பை ஊர் பார்ப்பானேன்? ஆனால் குடிநீர்த் துறைக்கு மட்டும் நேராகப் போய்விடும்.

அவர் வீட்டுத் தண்ணீர் மஞ்சளாகத்தான் வந்தது. அன்றைக்கு மத்தியானம் ஹெட் கிளார்க் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நெளிந்தார்.

"மேடம், எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி ஒரு பாட்டில் இருக்கு. டைரக்டர் வீடுன்னு சீட்டு ஒட்டி உள்ள வெச்சிரலாமா?"

"வைங்க. என்னோடது ஏற்கெனவே உள்ளதான் இருக்கு."

இந்த மாதிரி விஷயம் ரகசியமாக இருந்தால்தான் வேகமாகப் பரவும். டிரைவர் கொண்டுவந்தார், பாட்டில் கழுவுகிற அக்கா கொண்டுவந்தார், எதிர்வீட்டுத் தையல்காரர் கொண்டுவந்தார், என் மகளின் டீச்சர் கைப்பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் 'டைரக்டர் வீடு' என்றே எழுதினால் குழம்புமே! அதனால் டைரக்டர் வீடு சமையலறை, டைரக்டர் வீடு மாடி, டைரக்டர் வீடு ஏழாவது குளியலறை, டைரக்டர் வீடு கிழக்குத் தோட்டம் என்று வகை பிரித்து எழுதினோம். நிஜத்தில் அவருடையது மூன்று அறை குவார்ட்டர்ஸ். எங்கள் சீட்டுகளின்படி அது அரண்மனை.

வந்ததெல்லாம் மஞ்சள். தெரிந்துகொண்டவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். "வெளில சொல்லிட்டா நாளைக்கு நம்ம பாட்டில வாங்க மாட்டாங்க," என்றார் ஹெட் கிளார்க். நியாயம்தானே? நானும் தலையாட்டினேன். மகளும் தேறிவிட்டாள். நமக்குத் தெரிந்துவிட்டது, அது போதாதா என்று நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் காலை, தெருவில் பெரிய சத்தம். வீட்டுக்காரர் ஓடிவந்தார். "ஏய், வந்து பாரு! ரோட்டைத் தோண்டறாங்க! புதுக் குழாய் வந்திருக்கு!"

கையில் இருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். தெருமுனையிலிருந்து பள்ளம் எங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நீலக் குழாய்கள் அடுக்கியிருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குடிநீர்த் துறை என்ஜினியர் மஞ்சள் தொப்பியோடு நின்றிருந்தார்.

"ரொம்ப நன்றி சார்! எத்தனை நாளா காத்திருக்கோம்!"

"எங்க கடமை மேடம். உங்க லேப் குடுத்த முடிவ வெச்சுத்தான் பண்றோம். ஊருக்குள்ள ஒரே ஒரு வீட்டுக்குத்தான் தண்ணி கெட்டுப்போயிருக்கு. ஆனா என்னமா கெட்டிருக்கு! இப்படி ஒண்ண நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல."

"எந்த வீடு சார்?"

"உங்க டைரக்டர் வீடுதான். பாவம் மனுஷன், சமையலறை, மாடி, கிழக்குத் தோட்டம், ஒரு குழாய் பாக்கி இல்ல. அதான் மேலிடத்துல அவசரமா உத்தரவு போட்டாங்க. பெரிய தொட்டிலேர்ந்து நேரா அவர் வீட்டுக்குத் தனிக் குழாய். உங்க தெரு வழியா போகுது, அவ்வளவுதான்."

"சார், போற வழில எங்க தெருவுக்கும் ஒரு இணைப்பு குடுத்துட்டுப் போனா..."

அவர் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க தெருவுக்கு என்ன மேடம் குறைச்சல்? முழுக்கப் பச்சையா இருக்கே. நல்லா இருக்கறவங்களே ஆசைப்பட்டா எப்படி?"

தெரு ஜனம் முழுக்க வாசலில் நின்றிருந்தது. ஹெட் கிளார்க் நின்றார், டிரைவர் நின்றார், தையல்காரர் கழுத்தில் டேப்போடு நின்றார். கிழக்குத் தோட்டம், ஏழாவது குளியலறை, மாடி எல்லாம் வரிசையாக நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தன. யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்னவென்று சொல்வது? அது எங்கள் தண்ணீர் என்றால் அவர் பெயரைத் திருடியது நாங்கள் என்று ஆகும். குழாய் எங்கள் வீட்டு வாசற்படியை உரசிக்கொண்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், அந்தப் பக்கம் போனது. வீட்டுக்காரர் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இந்தக் குழாய் யாருக்கு?"

"டைரக்டர் மாமாவுக்கு."

"ஏன், அவங்க வீட்டுத் தண்ணி ரொம்பக் கெட்டதா?"

"இல்லடி கண்ணு," என்றேன். "கெட்டது நம்ம தண்ணிதான். அதனாலதான் அவருக்குப் புதுக் குழாய்."