பரிசத்தன்று கூவிய ஆந்தை

பறவை எண்ணுகிறவர்களை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடவே கூடாது. கூடப்பிறந்த தோஷத்துக்குக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், ஒரு மூலையில் உட்காரவைத்துக் காவலுக்கு ஆள் போட வேண்டும். என் குடும்பம் இதைக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டது.

மலேசியாவில், கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் பறவைகளையும் காட்டுத் தேனீக்களையும் கண்காணிப்பது என் வேலை. விடியற்காலையில் பறவை, வெயில் ஏறியதும் தேனீ. மருந்தடித்த சரிவில் எது குறைகிறது, காட்டை ஒட்டிய பக்கத்தில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரிங்லெட்டில் காய்கறி போடும் அப்பாவிடம் இதை விளக்கி விளக்கி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. "குருவி எண்ணறதுக்கா, மாலா, யூனிவர்சிட்டி போனே?" என்பதோடு அவர் விட்டுவிடுவார். அம்மா விடமாட்டாள். (தேனீ பிடிக்க நான் வாங்கிவைத்த மஞ்சள் கிண்ணங்களில் தயிர் தோய்த்துவிட்டாள். கேட்டால், "ஈ விழுந்து சாவறதுக்கு இவ்ளோ நல்ல கிண்ணமா?" என்கிறாள். ஈயாம்!)

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. இந்த மலையில் கைப்பிடி அளவே உள்ள குட்டி ஆந்தை ஒன்று இருக்கிறது. பகலிலும் கூவும், சின்னக் குருவிகளைப் பிடித்துத் தின்னும். அதன் குரல் கேட்டால் போதும், அக்கம்பக்கத்துக் குருவிகளெல்லாம் ஒன்றுசேர்ந்து கத்தி விரட்ட வந்துவிடும். அதனால் அந்தக் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடுவோம். இலைக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் தானாக வெளியே வரும், எண்ணிக்கொள்ளலாம்.

இனி என் தங்கை கவிதாவின் பரிசத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தை எங்கள் பக்கம் பரிசம் என்போம். மாப்பிள்ளை சரவணன், கம்போங் ராஜாவில் பூ வியாபாரம் செய்யும் குடும்பம். இரண்டு பேரும் விரும்பி, அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக இரண்டு வீட்டையும் வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அரைமனதாகத் தலையாட்டியவர் ஒருவர்தான், சரவணனின் பெரியப்பா. அப்பா இல்லாத பையனை வளர்த்து ஆளாக்கியவர். அவர் வேண்டாம் என்றால் சரவணன் வாயைத் திறக்கமாட்டான். ஜாதகம் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறதென்று அவருக்குக் குறை. சகுனம் சரியில்லையென்றால் சரக்கு ஏற்றிய லோரியையே பாதி வழியில் திருப்பிக்கொண்டு போகிற மனிதர். அதனால் அம்மா முந்தின நாளே எங்கள் பூனையைக் கட்டிப்போட்டுவிட்டாள். பூனைக்குப் பதிலாக என்னைக் கட்டிப்போட்டிருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க மழை. என் கணக்கெடுப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. பரிசத்தன்று காலையில் பார்த்தால் பளிச்சென்று வெயில்! பரிசம் நடக்கவிருந்த தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில்தான் நான் எண்ண வேண்டிய மரங்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் முடித்துவிடலாமே என்று தோன்றியது. (உனக்கு மூளை இருக்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டாம். அம்மா கேட்டுவிட்டாள்.) பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு போய், ஸ்பீக்கரை மரக்கிளையில் கட்டினேன். கொஞ்ச நேரம் கூவும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடி கூவும், அப்படி அமைத்திருந்தேன். ஒரு குருவியும் எட்டிப்பார்க்கவில்லை. அதற்குள் கவிதா போனில் கத்தினாள்.

"அக்கா, எங்கக்கா போயித் தொலைஞ்சே? அவங்க லோரி வந்துருச்சு!"

விழுந்தடித்து ஓடினேன். ஸ்பீக்கர் மரத்திலேயே தங்கிவிட்டது.

மண்டபத்தில் நாதஸ்வர இசை அலறிக்கொண்டிருந்ததால் வெளியே என்ன கூவினாலும் யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும்தான். தட்டு மாற்றும் நேரம் வந்தது. பத்திரிகை வாசிக்க வேண்டும், பாட்டை நிறுத்துங்கள் என்றார் ஐயர். அப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிரே தட்டை ஏந்தி நின்றார்கள். மண்டபமே கப்சிப்.

பூ... பூ-பூ... பூ.

பெரியப்பாவின் தட்டு அந்தரத்தில் நின்றது. "என்னா சத்தம் அது?"

பூ... பூ-பூ... பூ.

"ஆந்தையா? பட்டப்பகல்லயா?" தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்லா, ஜாதகம் சரியில்லன்னு. யாரு கேட்டா? இன்னிக்கு வேணாம். எல்லாரும் லோரியில ஏறுங்க."

கவிதா அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அழுதிருந்தாலே தேவலை.

"மாமா, மாமா, அது ஆந்தையே இல்ல!" என்று குறுக்கே பாய்ந்தேன். "என்னோட ஸ்பீக்கர் மாமா. ரெக்கார்டிங்."

"பரிசத்தன்னிக்கு எதுக்கும்மா ஆந்தய ரெக்கார்டிங் போட்டே?"

"வேலைக்கு மாமா."

"குடும்பத்தக் கெடுக்கறதுக்கு இப்பச் சம்பளம்லாம் குடுக்கறாங்களா?"

வாங்க, கண்ணால பாருங்க என்று அவரை இழுக்காத குறையாகப் பின்பக்கம் கூட்டிப்போனேன். மொத்த மண்டபமும் பின்னாலேயே வந்தது. ஸ்பீக்கரை அவிழ்த்தேன், எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன், அணைத்தேன்.

"பாத்தீங்களா? நிறுத்தியாச்சு. இனி சத்தமே வராது."

பூ... பூ-பூ... பூ.

தலைக்கு நேர் மேலே, கிளையில், நிஜ ஆந்தை உட்கார்ந்திருந்தது! அதற்கென்று ஒரு எல்லை இருக்கும், வேறொரு ஆந்தை அங்கே கூவினால் சண்டைக்கு வரும் என்பது நான் பாடமாகப் படித்த விஷயம். காலையிலிருந்து கூவிய என் ஸ்பீக்கரை ஒரு கை பார்க்கத்தான் வந்திருந்தது. பல மாதங்களாக இந்தத் தோட்டத்தில் நான் தேடித் தேடிக் கண்ணில் படாத பறவை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது. "ஐயோ, வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கைதட்டிக் குதித்துவிட்டேன்.

நங்கென்று என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மாதான்.

"இதான் ஒன் ஸ்பீக்கரா?" என்றார் பெரியப்பா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கவிதா அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

காலையில் எனக்கு முகம் காட்டாத குருவிகளுக்கு அந்த நேரத்தில்தான் ரோஷம் வந்தது. முதலில் ஒரு தேன்சிட்டு. பிறகு வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக, வாலை விரித்துக்கொண்டு ஒரு விசிறிவால், எங்கிருந்தோ சிரிப்பான்கள். ஆந்தையைச் சுற்றிச் சுற்றிக் கத்தின, தலைக்கு மேலே பாய்ந்தன. அது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் காட்டுக்குள் பறந்தது. அத்தனையும் பின்னாலேயே துரத்திக்கொண்டு போயின.

பெரியப்பாவின் மனைவிதான் முதலில் பேசினார்.

"பாத்தீங்களாங்க? பீடைய குருவிங்க வந்து ஓட்டிருச்சு. பிள்ளைங்களுக்கு இதவிட நல்ல சகுனம் வேணுமா?"

"ஆமா பெரியப்பா," என்றான் சரவணன். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல அத்த, அது சகுனம் இல்ல, சின்னப் பறவைங்க சேர்ந்து..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் காலை மிதித்தாள். எடுக்கவே இல்லை. படித்த படிப்பையெல்லாம் அப்படியே விழுங்கினேன்.

பெரியப்பா காட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். என் தங்கையின் பரிசம் மரத்தடியில் நடந்தது.

கல்யாணம் முடிந்தது, குழந்தையும் பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டது நான்தான். பெரியப்பா புது லோரி எடுத்தால் எனக்குப் போன் வரும். குழந்தைக்குக் காது குத்தினால் போன் வரும். "மாலா, அந்த ஆந்த மிசினக் கொண்டாந்துரு. பீடைய ஓட்டிவிட்டுட்டு ஆரம்பிப்போம்." ஈப்போவில் அவர் மகள் கடை திறந்தபோது, அங்கே காக்கையும் மைனாவும்தான் வரும் மாமா என்று கெஞ்சிப் பார்த்தேன். காக்கா வந்தா இன்னும் விசேசம், முன்னோருங்க என்றார்.

வருகிற மாதம் இன்னொரு புது லோரி. நேற்றும் பொறுமையாகச் சொன்னேன். இது மூடநம்பிக்கை, பறவைகளை வீணாகத் தொந்தரவு செய்யக் கூடாது, என் வேலைக்கே கெட்ட பெயர் என்று முழு மூச்சாகச் சொல்லி முடித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் தெரியும்லா. நீ வந்து பட்டன அமுக்கு."